சாட்சிக் கையெழுத்து

அந்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்குமே ஒரே சமயத்தில் வீடு தேவைப்பட்டது. எனக்கு, இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னதால். அவளுக்கு, தனிக்குடித்தனம் போக மாமியார் ஒருவழியாக ஒப்புக்கொண்டதால்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருவரும் வேலை பார்த்தோம். காலை ஆறரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தம் எடுப்பதுதான் எங்கள் வேலை. நான் அங்கே சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது, அவளுக்கு மூன்று வருஷம். என்னைவிட ஆறு வயது சின்னவள். "அக்கா, இந்தப் பெரியவருக்கு நரம்பே சிக்கல, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுவாள். நான் போய் எடுத்துக் கொடுப்பேன். மத்தியானம் இரண்டு டப்பாவையும் நடுவில் வைத்துப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். அவள் மீன் குழம்பு கொண்டுவரும் நாளில் என் டப்பாவைத் திறக்கவே விடமாட்டாள். இவ்வளவு நெருக்கமாக இருந்தவள் மேல்தான் எனக்கு அந்தப் பொறாமை வந்தது. யாரோ ஒருத்தி மேல் வந்திருந்தால் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து எழுத அதில் ஒன்றும் இருந்திருக்காது.

நாங்கள் இருந்தது இரும்புலியூரில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில். ஏழு வருஷமாக அங்கே குடியிருந்தோம். வீட்டுச் சொந்தக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். "கீழ் வீடு அவனுக்கு வேணும்மா. அவசரமில்ல, மூணு மாசம் எடுத்துக்குங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. என் வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக். அப்போது மே மாசம். அவர் வெளிச்சத்தில் வீட்டில் இருப்பதே அபூர்வம். "எனக்கு சீசன். இந்தத் தடவை நீயே பார்த்து முடிச்சிடு" என்றார். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஜன்னலோரமாக ஒரு மேசை போட இடம் வேண்டும். அதுவரை அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு வீடு கிடைப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். போன் செய்தால் முதலில் எல்லாம் நன்றாகத்தான் போகும். சேலையூர்ப் பக்கம் ஒரு தெருவில் ஒரு வீட்டு கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. மாடி வீடு. நீல மையில் கையால் எழுதியிருந்த நம்பருக்கு அங்கே நின்றபடியே போன் செய்தேன். ஒரு அம்மா எடுத்தார். குரலிலேயே ஒரு கனிவு இருந்தது. எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். வேலை எங்கே என்று கேட்டார், சொன்னேன். "அப்படியா, நல்லதாப் போச்சு. தண்ணிக் கஷ்டமே கிடையாதும்மா. ரெண்டு பெட்ரூம். சின்ன ரூம்ல நல்ல காத்து வரும். சாயந்திரம் வந்து பாருங்களேன்" என்றார். சரிங்க என்றேன்.

"உங்க பேர் என்னம்மா?"

சொன்னேன்.

கேட்டதுமே என் மதம் தெரிந்துவிடும் பேர் அது. அதற்குப் பிறகு வரும் அந்த மௌனம் எனக்கு நன்றாகப் பழக்கம். அது ரொம்ப நேரம் நீடிக்காது. எதிரில் இருப்பவர் ஒரு நல்ல பொய்யைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவுதான்.

"அது வந்தும்மா... எங்க வீட்டுக்காரர் காலையிலேயே ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டாராம். எனக்கு இப்பதான் சொல்றார்."

"பரவாயில்லைங்க" என்றேன். அப்படிச் சொல்வதும் பழகிப்போன ஒன்றுதான்.

தரகர் ஒருவர் இருந்தார். அவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "அக்கா, நான் நேராவே சொல்லிடறேன். உங்க ஆளுங்களுக்குக் குடுக்கற வூடு என் கையில நாலுதான் கீது. நாலையும் காட்டறேன், புடிச்சத எடுத்துக்க. மத்த வூட்டாண்ட இட்டுகினு போனா உனக்கும் பேஜார், எனக்கும் பேஜார்" என்றார். அவர் காட்டிய முதல் வீட்டில் படுக்கையறைக்கு ஜன்னலே கிடையாது. இரண்டாவதில் குளியலறைத் தண்ணீர் வாசல் பக்கமாக ஓடி வந்தது.

கல்யாணமாகி அதுவரை ஐந்து வீடு மாறியிருந்தோம். மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுப் போன வீடுகள்தான் பெரும்பாலும் எங்களுக்கு வந்தன. அதனால் வீடு பார்ப்பதில் நான் தேர்ந்துவிட்டேன். ஒரு பக்கெட் தண்ணீரைக் குளியலறை மூலையில் கொட்டி அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு வேகத்தைப் பார்ப்பேன். சுவர் அலமாரியைத் திறந்தால் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பேன். ஓதம் அடித்த சுவரை எந்தப் பெயிண்டாலும் முழுசாக மறைத்துவிட முடியாது. மூக்குக்குத் தெரிந்துவிடும். கடைசியாக மொட்டை மாடிக்குப் போகாமல் எந்த வீட்டுக்கும் சரி சொன்னதில்லை. இதையெல்லாம் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு அவளிடம் கதைகதையாகச் சொல்லியிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவளும் அப்போது வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று இடத்துக்குப் போன் செய்தால் மூன்று இடத்திலும் வரச் சொல்வார்கள். மறுநாள் காலையில் ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே எனக்கு விவரம் சொல்வாள். "அந்த வீட்ல பால்கனி ரொம்பச் சின்னதுக்கா, வேணாம்னுட்டேன்." "இன்னொண்ணு தெற்குப் பார்த்த வாசல். அவருக்குப் பிடிக்கல." "வீட்டுக்காரம்மா தினமும் போன் பண்றாங்கக்கா, எடுத்துக்கோ எடுத்துக்கோன்னு. எப்படி வேணாம்னு சொல்றதுன்னே தெரியல."

எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு பெண்மணியின் கையில் எனக்கு முதல் தடவை நரம்பு தவறியது. "என்னம்மா, பார்த்துக் குத்தக் கூடாதா" என்று கடிந்துகொண்டார்.

ஒரு சனிக்கிழமை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு ஒரு வீடு பார்க்கப் போறேன்க்கா. போட்டோல பார்த்தேன், சூப்பரா இருக்கு. அவருக்கு ஷிஃப்ட். நீங்க வந்து பார்த்துச் சொன்னாத்தான் எனக்குத் தைரியம். ப்ளீஸ்க்கா." அவள் கணவர் மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிறு என்றும் பாராமல் வேலைக்குப் போகிறவர். நான் வருகிறேன் என்றேன்.

அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். சேலையூர் தாண்டி வண்டி திரும்பியபோதே எனக்குள் ஏதோ இறுகியது. இரண்டாவது திருப்பத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அதே தெரு, அதே பச்சை கேட், அதே அட்டை, அதே நீல மை. யாருக்கோ காலையிலேயே வாக்குக் கொடுத்துவிட்ட வீடு, ஒன்பது நாள் கழித்தும் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "இதுதான்க்கா. வெளியிலயே எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நானும் இந்த வீட்டுக்குப் போன் செய்தேன், இல்லை என்றார்கள் என்று இரண்டே வார்த்தையில் முடிந்திருக்கும். ஏனோ சொல்லக் கூச்சமாக இருந்தது. தப்புச் செய்தது நான் என்பதுபோல.

வீட்டுக்கார அம்மா கண்ணாடி போட்டிருந்தார். போனில் கேட்ட அதே கனிவான குரல். "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று உட்கார வைத்து மோர் கொடுத்தார். என் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் சிடுசிடுவென்று இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்க சைவம்தானேம்மா? வீட்ல சமைக்கிறதுக்குக் கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சுத்த சைவம் ஆன்ட்டி" என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். முந்தின ஞாயிறுதான் கோவளம் போய்ப் படகிலிருந்து இறக்கிய வஞ்சிரம் வாங்கி வந்ததை எனக்கு வர்ணித்திருந்தாள்.

"இவங்க?"

"எங்க அக்கா."

"கூடப் பிறந்தவங்களா?"

"அந்த மாதிரிதான்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் முகஜாடை இருக்கே" என்றார் அந்த அம்மா.

அவள் என்னைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. அவள் சொன்ன பொய் அவ்வளவு லேசாக இருந்தது. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. நான் பொய்யே சொல்லாமல், என் பேரை மட்டும் சொல்லி, வாசலோடு திரும்பியவள்.

மாடிக்குப் போனோம். வீடு நிஜமாகவே நன்றாக இருந்தது. கூடத்தில் நுழைந்ததுமே காற்று முகத்தில் அடித்தது. வெளியே ஒரு பாதாம் மரம். அதன் நிழல் பால்கனியில் பாதியை மூடியிருந்தது. சமையலறையில் கறுப்பு கிரானைட் மேடை, கையெட்டும் உயரத்தில் அலமாரிகள். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். நான் குழாய்களைத் திறந்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. பக்கெட் தண்ணீரைக் கொட்டினேன். ஒரு சொட்டுத் தேங்காமல் ஓட்டைக்குள் போனது. ஒரு குறையும் கிடைக்காதது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பிறகு அந்தச் சின்ன அறைக்குள் போனேன். ஜன்னல் அகலமாக இருந்தது. அடியில் மேசை போட அளவெடுத்ததுபோல இடம். ஒரு நிமிஷம் என் மகளை அங்கே உட்கார வைத்துப் பார்த்துவிட்டேன். புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு. அப்படிப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்த பிறகு அந்த அறையை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை, அது என்னுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை என்று தெரிந்தும்.

அப்போதுதான் மூக்குக்கு அது தட்டுப்பட்டது. மற்ற சுவர்களெல்லாம் பழைய வெள்ளை. மேற்குச் சுவர் மட்டும் புதிதாக அடித்திருந்தது. பெயிண்ட் வாசனைக்குக் கீழே அந்த இன்னொரு வாசனை. மூலையில் அந்தச் சுவரை நகத்தால் அழுத்தினேன். பூச்சு மாவாக உள்ளே போனது. யாரையும் கூப்பிடாமல் மொட்டை மாடிக்கு ஏறினேன். அந்த அறைக்கு நேர் மேலே தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றித் தளத்தில் நூல் பிடித்தாற்போல் விரிசல். புதுச் சிமெண்டால் அடைத்து, மேலே அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்கள். மே மாச வெயிலில் எல்லாம் காய்ந்து உறுதியாகத்தான் தெரிந்தது. ஆனால் ஐப்பசி மழையில் இந்தச் சுவர் என்ன ஆகும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அப்படி ஒரு வீட்டில் இரண்டு மழைக்காலம் இருந்திருக்கிறேன்.

கீழே இறங்கி வந்தேன். அவள் பால்கனியில் நின்றுகொண்டு, துணிக்கொடியை எங்கே கட்டலாம் என்று கையால் அளந்துகொண்டிருந்தாள்.

"மேல கூடப் போயிட்டு வந்துட்டீங்களா! எப்படிக்கா இருக்கு? ஏதாவது குறை இருக்கா?"

அவள் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னேன். "நல்லா இருக்கு. விடாத, எடுத்துக்க."

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கே பல காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை ஒன்றுதான். சொன்னால் அவள் இந்த வீட்டை விட்டுவிட்டுச் சாயந்திரத்துக்குள் இதைவிட நல்ல வீட்டைப் பிடித்துவிடுவாள். இல்லாவிட்டால் அந்த அம்மாவிடம் பேசி, சரிசெய்து வாங்கிக்கொள்வாள். எப்படியும் அவளுக்கு நல்லதே நடக்கும். ஒரு ஓட்டையாவது அவளுக்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன். இந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதே வீடு என்றதும் லேசாகச் சிரித்தார். சுவரைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஏ.சி. மாட்டுவதற்காக வாழ்நாளெல்லாம் சுவரில் ஓட்டை போட்டவர் அவர்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"மறந்துட்டேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மழைக்கு இன்னும் நாள் இருக்கு. சொல்லிடு" என்றார்.

புதன்கிழமை சாயந்திரம் ஒப்பந்தம். அவள் கணவரும் வந்திருந்தார். பத்திரத் தாளில் டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டுக்கார அம்மாவின் பக்கம் எதிர் வீட்டு ரிட்டயர்டு சார் ஒருவர். "எங்க பக்கம் அக்கா போடட்டும். வீட்டைப் பார்த்து ஓகே சொன்னதே அவங்கதான்" என்றாள் அவள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாட்சிக் கையெழுத்து என்றால் பேர், கணவர் பேர், விலாசம் எல்லாம் எழுத வேண்டும். அதை அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

எதிர் வீட்டு சார் ஒப்பந்தத்தை உரக்கப் படித்தார். "மேற்படி வீடு நல்ல நிலையில் இருப்பதை வாடகைதாரர் நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டார்" என்று ஒரு வரி வந்தது. அவள் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பேனா என்னிடம் வந்தது. நான் முழுப் பேரையும் தெளிவாக எழுதினேன்.

வீட்டுக்கார அம்மா தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்து படித்தார். என் பேரில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க... போன்ல..."

"ஆமாங்க. நான்தான்."

"என்னக்கா? முன்னாடியே தெரியுமா?" என்றாள் அவள்.

"இல்ல, அது வேற விஷயம்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து உள்ளே போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை. பிறகு எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார். எனக்கும் அதே தட்டிலிருந்து, அதே மாதிரி டம்ளரில்தான் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவர் தலைகுனிந்தது எனக்கு ஒரு கணம் இனித்தது. அந்த இனிப்பில் சுவரைப் பற்றிப் பேச வேண்டியதை மறுபடியும் விழுங்கிவிட்டேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில், தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அந்த அம்மா மட்டும் இல்லை.

ஜூனில் அவள் பால் காய்ச்சிக் குடிபோனாள். எங்களுக்கும் தரகரின் மூன்றாவது வீடு அமைந்தது, ரயில்வே லைனுக்கு மேற்கே. சின்னதுதான், ஆனால் குடியிருக்கலாம். மகளுக்கு மேசை போட்டோம், ஜன்னலோரமாக இல்லை. வேலைக்கு வந்தால் என் தோழி தினமும் தன் புது வீட்டுக் கதை சொல்வாள். பாதாம் மரத்தில் கிளி வந்தது, கூடத்துக்குத் திரைச்சீலை வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் நான் "அப்படியா" என்பேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று காலையில் கிளம்புவேன். கிளிக் கதையைக் கேட்டதும் மனசு மாறிவிடும்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காவது நாள் காலை அவள் தாமதமாக வந்தாள். குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அக்கா, சின்ன ரூம் சுவர் முழுக்கத் தண்ணி. பீரோவை அந்தச் சுவத்தோட ஒட்டித்தான் வெச்சிருந்தேன். பின்னாடி வழியா உள்ள இறங்கிடுச்சு. புடவை போனாப் போகட்டும்க்கா... சர்டிபிகேட் எல்லாம்..."

பையைத் திறந்தாள். அவளுடைய டிப்ளமா, மதிப்பெண் பட்டியல்கள், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளம்போல ஊறியிருந்தன. ஒன்றில் மை முழுசாகக் கரைந்திருந்தது. அவள் அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்த படிப்பு அது. கூட்டம் குறைந்திருந்ததால் இரண்டு பேரும் உள் அறை மேசையில் உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கிழியாமல் இருக்க இடையிடையே பஞ்சு வைத்தேன்.

"நாம ரெண்டு பேரும் அவ்வளவு பார்த்தோமேக்கா. நமக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் அவள்.

'நாம ரெண்டு பேரும்' என்ற சொல்தான் என்னை உடைத்தது.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். சுவர்ல ஓதம் இருந்துச்சு. மாடியில விரிசலையும் பார்த்தேன். தெரிஞ்சேதான் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

அவள் கையிலிருந்த தாளை மெதுவாகப் பஞ்சின் மேல் வைத்தாள். எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போய், காத்திருந்த முதல் ஆளைக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. தனியாகச் சாப்பிட்டாள். நரம்பு கிடைக்காவிட்டாலும் என்னைக் கூப்பிடமாட்டாள். ஒரு வயதான அம்மாவுக்கு இரண்டு கையிலும் மாறி மாறிக் குத்திக்கொண்டிருந்தாள். நான் எழுந்து பக்கத்தில் போனேன். "நானே பார்த்துக்கறேன்" என்றாள், யாரோ புது ஆளிடம் சொல்வதுபோல.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"ஏன்க்கா? அதை மட்டும் சொல்லுங்க."

போன் செய்ததை, பேர் கேட்டதை, வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னதை எல்லாம் சொன்னேன். தரகர் சொன்ன நாலு வீட்டையும் சொன்னேன். என் மகளை அந்த ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்த்ததையும் சொன்னேன். "உன் மேல பொறாமை. அவ்வளவுதான். வேற காரணம் கிடையாது" என்றேன்.

அவள் கண் கலங்கியிருந்தது. "அன்னைக்கு அந்த வீட்டு கேட் வாசல்லயே இதைச் சொல்லியிருந்தா நான் அந்த வீட்டை எடுத்திருப்பேனா?"

"எடுத்திருப்ப" என்றேன்.

கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வெகுநேரம் யோசித்தாள். அவளிடம் எனக்குப் பிடித்த குணம் அது, கேள்விக்கு நிஜமாகவே பதில் தேடுவாள்.

"ஆமா. எடுத்திருப்பேன்" என்றாள். "உங்களுக்காக ரெண்டு நாள் வருத்தப்பட்டுட்டு எடுத்திருப்பேன்."

எழுந்துகொண்டாள். போகும்போது திரும்பி, "ஆனா நீங்க அந்தச் சுவரைப் பத்திச் சொல்லியிருந்தா, நான் பீரோவை அங்க வெச்சிருக்க மாட்டேன்க்கா" என்றாள்.

அந்த அம்மா என் பேரைக் கேட்டு வீடு இல்லை என்றது அநியாயம்தான். ஆனால் நான் அதற்குக் கணக்குத் தீர்த்தது அந்த அம்மாவிடம் இல்லை. என்னை அக்கா என்று சொன்னவளிடம்.

மழை விட்டதும் வீட்டுக்கார அம்மா ஆளைக் கூட்டிவந்து தொட்டியைத் தூக்கித் தளத்தைச் சரிசெய்து கொடுத்தார். சர்டிபிகேட்டுகள் காய்ந்ததும் சுருங்கிப்போனாலும் படிக்க முடிந்தது. கரைந்துபோன அந்த ஒன்றுக்கு மட்டும் நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு தடவை லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம். இரண்டாவது தடவை திரும்பும்போது பல்லாவரம் தாண்டியதும், "உங்க பொண்ணுக்குப் பரீட்சை எப்ப?" என்று கேட்டாள். அப்படித்தான் பேச்சு மறுபடி ஆரம்பித்தது.

போன மாசம் சாப்பிடும்போது ஒரு செய்தி சொன்னாள். ஊரப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கப் போகிறார்களாம், லோன் கிடைத்துவிட்டதாம்.

"போய்ப் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சுக்கா. தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனோம்" என்றாள், சாதத்தைப் பிசைந்தபடி.

நல்லது என்றேன். நானாக இருந்தாலும் இன்ஜினியரைத்தான் கூட்டிப்போயிருப்பேன். நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். எனக்குள் அந்தப் பழைய சூடு கிளம்பியது. இந்தத் தடவை அதை உள்ளே வைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது.

"பொறாமையா இருக்குடி" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "இருக்கும்க்கா" என்றாள். தன் டப்பாவிலிருந்து தக்காளி சாதத்தில் பாதியை எடுத்து என் மூடியில் வைத்தாள்.